எட்டுக்கால் விருந்தினருக்கு ஏற்ற இல்லம்

வீட்டில் வளரும் உயிர்கள் – மாதப் பகுதி



சென்ற இதழில் வண்ண மீன்களைப் பற்றி எழுதியதைப் படித்த நம் சங்கத்துச் சகோதரி ஒருவர், மும்பையின் புறநகர் ஒன்றிலிருந்து நீண்டதொரு கடிதம் விடுத்திருக்கிறார். கல்லூரியில் முதலாண்டு பயிலும் அவருடைய புதல்வனுக்கு நாயிலும் நாட்டமில்லை, கிளியிலும் நாட்டமில்லை. டாரன்டுலா எனப்படும் பெருஞ்சிலந்தி ஒன்றை வளர்த்தே தீர்வது என்று ஒரு மாத காலமாகப் பிடிவாதம் பிடிக்கிறானாம். "மூலையில் ஒட்டடை கண்டாலே துடைப்பத்தை எடுக்கும் எனக்கு, சிலந்தியைக் காசு கொடுத்து வாங்குவது விந்தையாக இருக்கிறது, அண்ணா. ஆயினும் பிள்ளை பொறுப்புள்ளவன். கூடத்தில் வைத்தால் அழகாக இருக்கும் என்று, இரண்டடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்றை விலை பேசி வைத்திருக்கிறான். அதற்கு முன்பணம் கொடுக்கலாமா, கூடாதா என்று இரண்டு வரியில் தெரிவித்தால் போதும்" என்று கேட்கிறார்.

இரண்டு வரியில் விடை இதோ: அந்தத் தொட்டிக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம். சிலந்தி வேண்டுமா, வேண்டாமா என்பதைப் பிறகு பார்ப்போம். தொட்டி ஏன் வேண்டாம் என்பதற்குக் காரணம் கூற, என் வீட்டில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தமக்கையின் மகன் தில்லியில் எங்களோடு தங்கிப் படித்து வந்தான். வெளிநாடு செல்லவிருந்த நண்பர் ஒருவர், தாம் வளர்த்து வந்த மெக்சிகோ நாட்டுச் சிவப்பு முழங்கால் சிலந்தியை அவனிடம் ஒப்படைத்துச் சென்றார். கரிய உடல், கணுக்களில் செம்மஞ்சள் நிறம், நடையில் அவசரமே இல்லை. முதல் நாள் முகம் சுளித்த என் மனைவி, மூன்றாம் நாள் "இன்றைக்குத் தண்ணீர் வைத்தாயா?" என்று பையனைக் கேட்கத் தொடங்கிவிட்டாள்.

நண்பர் அதைத் தாழ்வான பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் வைத்திருந்தார். என் கண்ணுக்கு அது குறைவாகப் பட்டது. பரணில் கிடந்த பழைய மீன்தொட்டியை இறக்கிக் கழுவினேன். அடியில் வண்ணக் கூழாங்கற்களைப் பரப்பினேன். பொருட்காட்சியில் வாங்கிய சிறு பீங்கான் கோபுரம் ஒன்றை நடுவில் நிறுத்தினேன். வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். எட்டாம் நாள் இரவு, அச்சிலந்தி கண்ணாடிச் சுவரில் ஏறி, மேல் விளிம்பிலிருந்து நழுவி, அந்தக் கோபுரத்தின் மேல் விழுந்தது. வயிற்றுத் தோல் பிளந்து குருதி கசிந்தது. மறுநாள் மாலை வரையில் உயிர் இருந்தது. பையன் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. "அந்தப் பழைய பெட்டியிலேயே விட்டிருக்கலாம், மாமா" என்று மட்டும் சொன்னான்.

பார்ப்பவர் கண்ணுக்கு ஏற்ற வீட்டை அமைத்தேன். வாழ்பவர் உடலுக்கு ஏற்ற வீட்டை அமைக்கவில்லை. இம்மாதம் நான் சொல்ல விரும்புவது அனைத்தும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும். இனி அதன் விவரங்களுக்கு வருவோம்.

டாரன்டுலா என்னும் பெயர் இத்தாலி நாட்டின் தாரன்டோ நகரிலிருந்து வந்தது. அந்நாளில் அப்பெயரைத் தாங்கியது வேறொரு வகைச் சிலந்தி. பிற்காலத்தில் உலகின் வெப்ப நாடுகளில் வாழும் உரோமம் அடர்ந்த பெருஞ்சிலந்திகளுக்கு அப்பெயர் நிலைத்துவிட்டது. இவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. எனினும் வீடு அமைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது தரையில் வாழ்வதா, மரத்தில் வாழ்வதா, ஆழ்ந்த வளையில் வாழ்வதா? இம்மூன்றுக்கும் மூன்று விதமான வீடுகள் வேண்டும். ஒன்றின் வீடு மற்றொன்றுக்குச் சிறையாகும். சில வேளை கொலைக்களமும் ஆகும்.

முதலில் தரையில் வாழ்வது. மெக்சிகோவின் சிவப்பு முழங்கால் சிலந்தி இவ்வகையைச் சேர்ந்தது. இதன் பெட்டிக்கு அளவுகோல் சிலந்தியின் கால்வீச்சே ஆகும். ஒரு காலின் நுனியிலிருந்து எதிர்ப்புறக் காலின் நுனிவரை அளந்தால் 5 அங்குலம் எனக் கொள்வோம். பெட்டியின் நீளம் அதைப்போல் மூன்று மடங்காகிய 15 அங்குலமும், அகலம் இரண்டு மடங்காகிய 10 அங்குலமும் இருந்தால் போதும். உயரத்தில்தான் எச்சரிக்கை வேண்டும். மண்ணின் மேற்பரப்புக்கும் மூடிக்கும் இடையே உள்ள இடைவெளி, கால்வீச்சைப் போல் ஒன்றரை மடங்கைத் தாண்டலாகாது; அதாவது இங்கே ஏழரை அங்குலம். தரைச் சிலந்தியின் உடல் கனமானது; வயிறு மெல்லிய தோற்பை போன்றது. நமக்கு அற்பமாகத் தோன்றும் ஓரடி உயரம் அதற்கு மரண உயரமாகக்கூடும். உயரமான பெட்டிதான் கையில் இருக்கிறது என்றால், அதை மண்ணால் நிரப்பி இடைவெளியைக் குறைத்துவிடலாம். விழக்கூடிய இடத்தில் கூரிய கல், பீங்கான், முள் எதுவும் இருத்தல் கூடாது.

தரைக்கு எதை இடுவது? கூழாங்கல் கூடாது, வெறும் மணல் கூடாது, தச்சுப் பட்டறைத் தூளும் கூடாது. தேவதாரு போன்ற மரங்களின் தூளில் உள்ள நெடிய எண்ணெய் இவ்வுயிர்களுக்குத் தீங்கு விளைவிக்கும். இவ்விஷயத்தில் நம் ஊர்ப் பொருளே உலகெங்கும் கைகொடுக்கிறது. தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுத்தபின் எஞ்சும் நார்த்தூள், பொள்ளாச்சிப் பக்கங்களில் செங்கல் போல் அழுத்தப்பட்டுப் பல நாடுகளுக்கும் செல்கிறது. சிலந்தி வளர்ப்போர் பெரிதும் நாடுவது அதனையே. அதில் உப்பு இருக்கக்கூடும் ஆதலால் இரண்டு மூன்று முறை நன்னீரில் அலசிப் பிழிந்து உலர்த்த வேண்டும். உரம் கலந்த தூளாக இருத்தல் ஆகாது. தரைச் சிலந்திக்கு 4 அங்குல ஆழத்திற்கு இட்டு, உள்ளங்கையால் நன்கு அழுத்திவிடுக. தளர்வான மண்ணில் நடக்கவும் அது தயங்கும். தோண்டினால் வளை இடிந்துவிடும்.

ஒளிந்துகொள்ள ஓர் இடம் கட்டாயம் வேண்டும். பக்கத்தில் வாயில் வெட்டிய கொட்டாங்கச்சியோ, பாதியாக உடைத்து விளிம்பைத் தேய்த்து மழுக்கிய சிறு மண்சட்டியோ போதும். அதனைப் பாதி மண்ணில் புதைத்து வைக்க வேண்டும். மேலோட்டமாக வைத்தால், சிலந்தி அடியில் தோண்டும்போது சாய்ந்து அதன் மேலேயே விழும். ஆழமற்ற தண்ணீர்க் கிண்ணம் ஒன்று என்றும் நிறைந்திருக்க வேண்டும். சிலர் அதில் பஞ்சு அல்லது நுரைத்துண்டை ஊற வைப்பார்கள். அது அழுக்கையும் கிருமியையும் வளர்க்குமேயன்றி வேறு பயன் இல்லை. தெளிந்த நீரே போதும்.

இரண்டாவது, மரத்தில் வாழும் வகை. இதற்கு வேண்டுவது தரைப்பரப்பு அன்று, உயரம். கால்வீச்சைப் போல் மூன்று மடங்கு உயரமும் இரண்டு மடங்கு அகலமும் உள்ள பெட்டியில், மரப்பட்டை ஒன்றைச் சற்றே சாய்த்து நிறுத்தி, அதன் பின்னே சிலந்தி புகுந்துகொள்ள இடம் விட வேண்டும். பட்டை அசையாமல் அடியில் ஊன்றியிருத்தல் முக்கியம். தென் அமெரிக்காவின் இளஞ்சிவப்பு விரற் சிலந்தி இவ்வகை. ஈரக் காட்டில் பிறந்தது ஆயிற்றே என்று பெட்டியின் துளைகளை அடைத்து, நாள்தோறும் நீர் தெளித்து வளர்த்தோர் பலர், காரணம் அறியாமலே அதை இழந்திருக்கிறார்கள். ஈரம் வேண்டும், ஆனால் நின்றுபோன காற்றில் உள்ள ஈரம் நஞ்சு. மழைக்காலத்து மும்பையில் ஜன்னலை அடைத்துத் துணி உலர்த்திய அறை எப்படி இருக்கும் என்பது நம் சகோதரிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மூன்றாவது, ஆழ்வளையில் வாழும் வகை. பர்மாவிலும் தாய்லாந்திலும் உள்ள நீலச் சிலந்தி இதற்கு எடுத்துக்காட்டு. இதற்கு 8 அல்லது 10 அங்குல ஆழத்திற்கு ஈரப்பதமுள்ள மண்ணை இறுக நிரப்பி, ஒரு மூலையில் விரலால் துளை தொடங்கிக் கொடுத்தால், மீதியைத் தானே தோண்டிக்கொள்ளும். தோண்ட இடமில்லாத பெட்டியில் அது ஓயாது பரபரத்து, எதிர்ப்பட்டதைக் கடிக்க வரும். வாங்கியவர் அதனைக் கெட்ட குணம் என்பார். உண்மையில் வீடில்லாதவரின் தவிப்பு அது.

மூவகைக்கும் பொதுவான சில விதிகள் உண்டு. மூடிக்கு இரும்பு வலை வேண்டாம். சிலந்தியின் கால் நுனியில் நுண்ணிய நகங்கள் உண்டு. வலையில் தலைகீழாக நடக்கும்போது அவை சிக்கிக்கொண்டால் கால் இழக்கவோ, தொங்கித் தொங்கி விழவோ நேரும். பிளாஸ்டிக் பெட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில், ஒரு பக்கம் தாழ்வாகவும் மறு பக்கம் உயரமாகவும் சிறு துளைகள் இடுவதே நன்று. துளை, சிலந்தியின் தலைப்பகுதியைவிட மிகச் சிறியதாக இருக்க வேண்டும். தலை நுழைந்த இடத்தில் உடலும் நுழைந்துவிடும். மூடியில் தாழ்ப்பாள் கட்டாயம். இரவெல்லாம் மூடியைத் தள்ளிப் பார்க்கும் பொறுமை இவ்வுயிருக்கு உண்டு. மளிகைச் சாமான் வைக்கும், பக்கத்தில் பூட்டுள்ள தெளிந்த பிளாஸ்டிக் பெட்டியே, அலங்காரக் கண்ணாடித் தொட்டியைவிட மேலானது. ஒரு பெட்டியில் ஒரு சிலந்திதான்; துணைக்கென்று இரண்டாவதை விட்டால் ஒன்றே மிஞ்சும். குஞ்சாக வாங்கினால் பெரிய பெட்டியில் விடலாகாது; இரை அதன் கண்ணில் படாமலே போகும். சிறு மருந்து டப்பாவில் தொடங்கி, தோல் உரித்து வளர வளர வீட்டையும் பெருக்குவதே முறை.

இனி, நம் இல்லங்களுக்கே உரிய மூன்று பகைகளைக் கூறுகிறேன். முதலாவது, கொசு மருந்து. கொசுவர்த்திச் சுருளும், மின்சாரத்தில் செருகும் கொசு மருந்தும், எறும்புச் சுண்ணக்கட்டியும், கரப்பான் ஒழிப்போர் தெளிக்கும் மருந்தும் பூச்சியைக் கொல்ல வந்தவை. சிலந்திக்கும் அவை எமனே. அவற்றைப் பயன்படுத்தும் அறையில் பெட்டி இருத்தல் ஆகாது. கொசுவலை கட்டும் வீடே இதற்கு உகந்த வீடு. அடுக்களையில் பிடித்த கரப்பானை இரையாக இடுவதும் இக்காரணத்தாலேயே கூடாது. அது எந்த மருந்தை மிதித்து வந்ததோ, யார் அறிவார்? இரண்டாவது, எறும்பு. தோல் உரிக்கும் சிலந்தியை எறும்புக் கூட்டம் உயிரோடு அரித்துவிடும். நம் பாட்டிமார் பலகார அலமாரியின் கால்களை நீர் நிரப்பிய கிண்ணங்களில் நிறுத்தினார்களே, அதே உபாயத்தைப் பெட்டி வைக்கும் முக்காலிக்கும் செய்க. மூன்றாவது, வெயில். ஜன்னலோரத்து வெயில் கண்ணாடிப் பெட்டியை அரை மணியில் அடுப்பாக்கிவிடும். 24 முதல் 28 டிகிரி சென்டிகிரேடு வரை அதற்குச் சுகம். நமக்குச் சுகமான அறை அதற்கும் சுகம். தில்லிக் குளிரில் வெப்பத் தகடு வைப்போர் அதைப் பெட்டியின் அடியில் வைக்கலாகாது. சூடு மிகுந்தால் கீழே தோண்டித் தப்புவது சிலந்தியின் இயல்பு. அடியில் தகடு இருந்தால் தப்பப் போன இடத்திலேயே வெந்துபோகும். பக்கச் சுவரில், வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியுடன் மட்டுமே வைக்கலாம்.

தோல் உரிக்கும் காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அப்போது சிலந்தி மல்லாந்து, பல மணி நேரம் அசைவற்றுக் கிடக்கும். இறந்துவிட்டது என்று எண்ணி எடுத்து எறிந்தவர்கள் உண்டு. சாகும் சிலந்தி பெரும்பாலும் மல்லாந்து கிடப்பதில்லை. கால்களை அடியில் சுருட்டிக்கொண்டு கவிழ்ந்திருக்கும். மல்லாந்திருந்தால் தொடாதீர்கள், பெட்டியை நகர்த்தாதீர்கள். உயிருள்ள வெட்டுக்கிளி முதலிய இரை உள்ளே இருந்தால் முன்னரே எடுத்துவிடுங்கள். இதற்காகவும் பெட்டியில் சமமான தரை சிறிதளவு வேண்டும்.

இனி, எந்தச் சிலந்தி என்ற கேள்வி. மும்பைக்கும் சென்னைக்கும் இடையே ரயிலில் செல்லும் நம்மவர் ஆந்திரத்துக் குத்தி நிலையத்தைப் பலமுறை கடந்திருப்பர். அவ்வூர் ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த, நீலமணி போன்ற மரச்சிலந்தி ஒன்றை, 1899-ஆம் ஆண்டில் போகாக் என்னும் ஆங்கிலேய விலங்கியலார் உலகுக்கு அறிவித்தார். காட்டிலிருந்து ரயிலேறி வந்த மரத்தோடு அதுவும் வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். அதன்பின் நூறாண்டுக் காலம் அதனை எவரும் கண்டதாகப் பதிவில்லை. 2001-இல்தான் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில், முதிய மரங்களின் பொந்துகளில் அது மீண்டும் காணப்பட்டது. இராமேசுவரத்துப் புளியமரங்களில் வாழும் மற்றொரு சிலந்தி 2004-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டு, அவ்விடத்து அனுமன் கோயிலின் பெயரைப் பெற்றது. இவ்விரண்டும் அழிவின் விளிம்பில் நிற்பவை. முதிய மரத்தை வெட்டினால் அவற்றுக்கு வேறு வீடு இல்லை. அவற்றின் கடியும் கொடிது. தசைகள் பல நாள் பிடித்திழுக்கும். ஆதலால் ஊருக்குப் போன இடத்தில் மரப்பொந்தில் கண்டேன், டப்பாவில் கொண்டுவந்தேன் என்று எவரும் செய்ய வேண்டாம். அவற்றுக்கு ஏற்ற கூண்டு புளியமரமே.

சட்டமும் இதில் உண்டு. மெக்சிகோவின் சிவப்பு முழங்கால் சிலந்தி 1985 முதலும், நம் நாட்டு மரச்சிலந்திப் பேரினம் 2019 முதலும் சைட்டீஸ் என்னும் சர்வதேச உடன்பாட்டின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளன. 2022-இல் திருத்தப்பட்ட நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவ்வுடன்பாட்டின் பட்டியலையும் தன்னுள் சேர்த்துக்கொண்டது. அவ்வகை உயிரை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். வளர்ப்பிலேயே பிறந்தது என்பதற்கான சான்றும், முறையான இறக்குமதிக் கடிதங்களும் காட்டாத விற்பனையாளரிடம் வாங்கலாகாது. ஐயம் இருப்பின் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுத் தெளிவதே மரியாதை. அமெரிக்க வகைகள் சினந்தால் வயிற்று உரோமத்தை உதிர்த்து வீசும். கண்ணில் பட்டால் பெருந்துன்பம். பெட்டியைத் துப்புரவு செய்யும்போது முகத்தை அருகே கொண்டு போகாமல், நீண்ட இடுக்கியைப் பயன்படுத்த வேண்டும்.

சகோதரியின் கேள்விக்கு மீண்டும் வருகிறேன். இடம் இல்லையே என்று அஞ்ச வேண்டாம். ஒரு தையல் இயந்திரம் கொள்ளும் இடத்தில் பாதி போதும். மே மாதத்தில் ஊருக்குப் போனால் என் செய்வது என்றும் கவலை வேண்டாம். நன்கு வளர்ந்த சிலந்தி, கிண்ணம் நிறைய நீர் இருந்தால் இரண்டு வாரம் இரையின்றி அமைதியாக இருக்கும். கவலைப்பட வேண்டியது வேறொன்று. பெண் சிலந்தி இருபது ஆண்டுக்கு மேலும் வாழும். பையனுக்குப் படிப்பு முடியும், வேலை கிடைக்கும், வேற்றூருக்கு மாற்றலாகும், திருமணமும் ஆகும். அப்போதும் அந்தப் பெட்டி யாருடைய பொறுப்பு என்பதை இன்றே இருவரும் பேசி முடிவு செய்யுங்கள்.

பிள்ளைக்கு என் யோசனை ஒன்றுண்டு. முதலில் பெட்டியை மட்டும் அமைக்கட்டும். மண் நிரப்பி, நீர் வைத்து, மூடி பூட்டி, சிலந்தி இல்லாமலே ஒரு மாதம் காக்கட்டும். பூஞ்சணம் பூக்கிறதா, எறும்பு ஏறுகிறதா, நண்பகலில் எத்தனை டிகிரி காட்டுகிறது என்று நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். காலிப் பெட்டியை ஒரு மாதம் காத்தவன் சிலந்தியையும் காப்பான். பத்தாம் நாளே சலிப்புற்றால், நஷ்டம் ஒரு பிளாஸ்டிக் பெட்டியோடு போகும். ஓர் உயிர் பிழைக்கும்.

பிறந்த ஊரை விட்டு வந்து, வாடகை வீடு தேடி அலைந்தவர்கள் நாம். வாசலின் அழகையா பார்த்தோம்? தண்ணீர் வருமா, காற்று வருமா, பிள்ளைகள் விழாமல் விளையாட இடம் உண்டா என்றுதானே பார்த்தோம்? தன் காட்டை விட்டு நம் கூடத்துக்கு வரும் உயிருக்கும் அதே கேள்விகளைக் கேட்டுவிட்டு வீடு பாருங்கள். நான் அன்று கேட்கத் தவறியவை அவைதாம்.

சகோதரியின் புதல்வன் தன் குறிப்பேட்டை ஒரு மாதம் கழித்து எனக்கு அனுப்பினால் மகிழ்வேன். அடுத்த இதழில், மாடி முகப்பில் வந்து கூடு கட்டும் புறாக்களைப் பற்றிப் பேசுவோம்.